நீரியலிலிருந்து நெடுங்கணக்கு வரை: பொறியாளர் வா. செ. குழந்தைசாமி

பொறியாளர் வா. செ. குழந்தைசாமி 1929 ஜூலை 14ஆம் தேதி கரூருக்கு அருகில் உள்ள வாங்கலாம்பாளையத்தில் பிறந்தார். 2016 டிசம்பர் 10ஆம் தேதி சென்னையில் மறைந்தார். இடைப்பட்ட 87 ஆண்டுகளில் அவர் நீரியல் ஆய்வாளராகவும் சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராகவும் மூன்று பல்கலைக்கழகங்களின் துணைவேந்தராகவும் இருந்தார். குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதினார். இணையம் வழித் தமிழ் கற்பிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு அடித்தளம் இட்டார். மலேசியத் தமிழரில் பலர் அவரை எழுத்துச் சீரமைப்பு வேண்டும் என்று வாதாடியவர் என்ற அளவில்தான் அறிவார்கள். அந்த வாதம் அவர் வாழ்க்கையில் ஒரு பகுதி மட்டுமே. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளவும் அவருடைய பொறியியலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவர் பெயருக்கு முன் நிற்கும் இரண்டு எழுத்துகளில் முதலாவது ஊரைக் குறிக்கிறது. இரண்டாவது தந்தை செல்லப்பக் கவுண்டரைக் குறிக்கிறது. எந்த நாட்டில் எந்தப் பதவியில் இருந்தபோதும் ஊரையும் தந்தையையும் அவர் பெயரிலேயே சுமந்தார். கரூர் அன்று திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. அமராவதி காவிரியோடு சேரும் இடம் அருகில்தான். ஆனால் ஆற்றங்கரையை விட்டுச் சற்று விலகினால் கிணற்றையும் வானத்தையும் நம்பிய மேட்டு நிலம். அவர் பிறந்த காலத்தில் திருச்சி, தஞ்சாவூர், சேலம் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1909இல் ஜொகூர் ரயில் பாதை முடிந்த பிறகு வளர்ந்த ரெங்கம், குளுவாங் வட்டாரத் தோட்டங்களுக்கும் அப்படித்தான் ஆட்கள் வந்தார்கள். கித்தாக் காட்டுக்கு வந்தவர்களும் பொறியியல் படிக்கப் போன அந்தச் சிறுவனும் ஒரே மண்ணின், ஒரே தலைமுறையின் பிள்ளைகள். ரெங்கத்தில் இருந்துகொண்டு அவரை நினைவுகூர இந்த உறவே போதும்.

பொறியியலில் முதுநிலைப் படிப்பைக் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் முடித்தார். விடுதலைப் போராட்டக் கைதிகளை அடைத்து வைத்திருந்த ஹிஜ்லி முகாமில் 1951இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அங்கிருந்து பின்னர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே நீரியல் துறையின் மிகப் பெரிய ஆசிரியர்களில் ஒருவரான வென் தே சௌவிடம் ஆய்வு செய்து 1964இல் முனைவர் பட்டம் பெற்றார். சௌ தொகுத்த நீரியல் கையேடு வெளிவந்ததும் அதே 1964இல்தான். பல பத்தாண்டுகள் உலகெங்கும் நீர்வளப் பொறியாளர்களின் மேசையில் இருந்த நூல் அது. துறையின் மையத்திலேயே நின்று கற்கும் வாய்ப்பு குழந்தைசாமிக்குக் கிடைத்தது. அவர் அதை வீணாக்கவில்லை.

அவருடைய ஆய்வு எதைப் பற்றியது? ஒரு நிலப்பரப்பில் மழை பெய்கிறது. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது, ஒரு பகுதி ஆவியாகிறது. மிஞ்சியது தரைமேல் ஓடி வாய்க்காலையும் ஆற்றையும் சேர்கிறது. இந்த மிஞ்சிய மழை எப்போது, எவ்வளவு வேகத்தில் ஆற்றின் ஒரு குறிப்பிட்ட இடத்தை அடையும் என்பதே கேள்வி. ரெங்கத்தைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் பிற்பகலில் கொட்டும் மழை அப்போதே சுங்கை பெனுட்டில் வெள்ளமாக வந்துவிடுவதில்லை. தோட்டத்துக் கால்வாயில் தங்கி, பள்ளத்தில் நிறைந்து, நேரம் கழித்தே வருகிறது. வரும்போது மெல்ல ஏறி, உச்சத்தைத் தொட்டு, இன்னும் மெல்ல வடிகிறது. அந்த ஆற்றின் குறுக்கே நிற்கும் மச்சாப் அணை போன்ற ஒன்றைக் கட்டும் பொறியாளருக்கு அந்த உச்சம் எவ்வளவு, எத்தனை மணி நேரத்தில் வரும் என்பது தெரிந்தே ஆக வேண்டும். குறைவாக மதிப்பிட்டால் வெள்ளம் அணையைத் தாண்டும். மிகையாக மதிப்பிட்டால் பொதுப்பணம் கான்கிரீட்டாகப் புதையும்.

1932இல் ஷெர்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதற்கு ஓர் எளிய வழி சொன்னார். ஓர் அலகு மிஞ்சிய மழை கிடைத்தால் ஆற்றின் ஓட்டம் எப்படி ஏறி இறங்கும் என்று ஒரு வளைகோடு வரைந்துகொள்ள வேண்டும். மழை இரண்டு மடங்கானால் வளைகோட்டையும் இரண்டு மடங்காக்கலாம் என்பது அவர் கருத்து. இயற்கை அவ்வளவு நேர்விகிதத்தில் நடப்பதில்லை. நிலம் நிறைந்திருக்கும்போது ஒரு விதமாகவும் காய்ந்திருக்கும்போது வேறு விதமாகவும் அது பதில் சொல்லும். பின்னால் வந்தவர்கள் ஆற்றுப்படுகையை வரிசையாக அடுக்கிய நீர்த்தேக்கங்களாகக் கற்பனை செய்தார்கள். வேறு சிலர் வேறு சமன்பாடுகளை வைத்தார்கள். ஒவ்வொன்றும் ஓரிடத்தில் பொருந்தியது, இன்னோரிடத்தில் பொய்த்தது.

குழந்தைசாமி செய்தது இந்த மாதிரிகளுக்கெல்லாம் பொதுவான அடிப்படையைத் தேடிய வேலை. எந்த நேரத்திலும் ஒரு படுகைக்குள் தங்கியிருக்கும் நீரின் அளவு, உள்ளே வரும் மழையையும் வெளியே போகும் ஓட்டத்தையும் மட்டும் பொறுத்ததல்ல. அவை எவ்வளவு வேகமாக மாறுகின்றன, அந்த வேகமே எப்படி மாறுகிறது என்பதையும் பொறுத்தது. இதை ஒரே பொதுச் சமன்பாடாக அவர் எழுதினார். அதன் சில உறுப்புகளைச் சுழியம் என்று வைத்தால் முன்னோர் சொன்ன மாதிரிகள் ஒவ்வொன்றாக அதற்குள்ளிருந்தே வெளிவந்தன. தனித்தனித் தீவுகளாக இருந்தவை ஒரே நிலத்தின் பகுதிகள் என்று அது காட்டியது. சௌவும் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1971இல் அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் நீரியக்க இதழில் வந்தது. நீரியல் நூல்களில் குழந்தைசாமி மாதிரி என்ற பெயர் அதன் பிறகு நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து போய் ஒரு பொறியியல் மாதிரிக்குத் தம் பெயர் சூட்டப்பெற்றவர்கள் மிகச் சிலரே. அவருடைய புகழ் மொழி விவாதங்களோடு நின்றுவிட்டது நியாயமில்லை. முதலில் நினைக்கப்பட வேண்டியது இந்தச் சமன்பாடுதான்.

அந்தக் கேள்வி பழையதாகிவிடவும் இல்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் குளுவாங், பத்து பஹாட், கோத்தா திங்கி என ஜொகூரின் பல பகுதிகளை மூழ்கடித்த வெள்ளத்தின்போதும், 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைமீறிச் சென்னைக்குள் புகுந்தபோதும் அதிகாரிகளின் முன் நின்றது இதே கணக்குதான்: எவ்வளவு மழை, எவ்வளவு தேக்கம், எப்போது உச்சம். அடையாற்றிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கிண்டி வளாகத்தில்தான் அவர் தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தார்.

கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய தொழில்நுட்பக் கல்வி நிலையங்களில் ஒன்று. அங்கே பேராசிரியராக இருந்த குழந்தைசாமி 1978இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அங்கே இருந்தது சிறிது காலமே. 1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ஒருவரே ஒன்பது ஆண்டுகள் அந்தப் பதவியில் நீடிப்பது எளிதில் நடப்பதல்ல. 1978இல் உருவான அண்ணா பல்கலைக்கழகம் அப்போது நான்கு நிறுவனங்களின் கூட்டு: கிண்டிக் கல்லூரி, 1944இல் வந்த அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 1949இல் குரோம்பேட்டையில் எழுந்த எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி. நான்குக்கும் தனித்தனிப் பாரம்பரியம், தனித்தனிப் பெருமை. அவற்றை ஒரே பல்கலைக்கழகமாக இயங்க வைக்கும் பொறுப்பு பெரும்பாலும் அவர் தலைமேல் விழுந்தது. படிகங்களை வளர்த்து ஆராயும் மையம் 1982இல் அங்கே தொடங்கப்பட்டது. நீர்வளம் முதலிய துறைகளுக்கும் ஆய்வு மையங்கள் உருப்பெற்றன. தமிழ்நாட்டில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் 1984 முதல் பெருகத் தொடங்கியதும் இதே காலத்தில்தான். தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வும் அப்போது வந்தது. கிராமத்து மாணவர்களுக்கு அது தடையா வாயிலா என்ற வாதம் அத்தேர்வு நீக்கப்படும் வரை ஓயவில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் வளர்தமிழ் மன்றத்தைத் தனியே சொல்ல வேண்டும். பொறியியல் வளாகத்துக்குள் தமிழுக்கென்று ஓர் அமைப்பு. அது வெளியிட்ட களஞ்சியம் என்ற இதழில் அறிவியல், தொழில்நுட்பக் கட்டுரைகள் தமிழில் வந்தன. இலக்கியத்தில் பழம்பெருமை பேசினால் மட்டும் ஒரு மொழி நிலைக்காது என்பதிலும், அந்தக் காலத்து அறிவு எதுவோ அது அந்த மொழியில் எழுதப்பட்டாக வேண்டும் என்பதிலும் குழந்தைசாமி உறுதியாக இருந்தார். அறிவியல் தமிழ் என்ற தலைப்பில் நூலும் எழுதினார். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் நடத்தத் தொடங்கியது. அவர் பதவி விட்டு இருபது ஆண்டுகள் கழிந்திருந்தாலும், அதற்கான சொற்களும் துணிவும் வளர்ந்த இடங்களில் ஒன்று அந்த மன்றம்.

1990 முதல் 1994 வரை டெல்லியில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1985இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் இன்று மாணவர் எண்ணிக்கையில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அவர் காலத்தில், 1991இல், தூர்தர்ஷன் வழியாக அதன் பாடங்கள் ஒளிபரப்பாகத் தொடங்கின. வேலை செய்துகொண்டே படிப்பவர், வகுப்பறைக்கு வர முடியாதவர், நடுவில் படிப்பை விட்டவர் ஆகியோருக்கான கல்வி அது. மலேசியாவில் இதன் அருமையைத் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகம் 1971 முதலே தொலைக்கல்வியை நடத்தியது. 2000இல் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் பெற்ற ஆசிரியர்கள் இங்கே ஏராளம். கரூர் கிராமத்திலிருந்து கரக்பூருக்கும் இல்லினாய்க்கும் போனவர், அப்படிப் போக முடியாதவர்களைத் தேடிப் பாடம் போய்ச் சேரும் முறைக்குத் தம் நான்கு ஆண்டுகளைக் கொடுத்தார். அவர் வகித்த பதவிகளில் மிக மதிக்கத்தக்கது இதுவே என்று கொள்ளலாம்.

அந்த அனுபவம் அடுத்த பணிக்கு நேராக வழிவிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில், உலகெங்கும் உள்ள தமிழர்கள் இணையம் வழியே தமிழ் படிக்க ஒரு நிறுவனம் தேவை என்ற அறிவிப்பு வந்தது. கணினித் தமிழுக்கு ஒரே விசைப்பலகை முறையையும் குறியீட்டு முறையையும் உறுதிசெய்ய முயன்ற மாநாடு அது. அதற்கு முன்பே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் மலேசியாவில் முத்து நெடுமாறனும் கணினியில் தமிழைக் கொண்டுவரும் வேலையில் வெகுதூரம் போயிருந்தார்கள். தமிழ்நாடு இந்த ஒரு துறையில் தென்கிழக்காசியத் தமிழரிடமிருந்து கற்றுக்கொண்டது. 2001 பிப்ரவரி 17ஆம் தேதி தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனத் தலைவர் குழந்தைசாமி. மழலைக் கல்வியிலிருந்து பட்டப்படிப்பு வரையான பாடங்கள், சங்க இலக்கியம் முதல் நிகண்டுகள் வரை அடங்கிய மின்னூலகம், வெளிநாடுகளில் தொடர்பு மையங்கள் என அது விரிந்தது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. ஜொகூரில் ஒரு மாணவர் நள்ளிரவில் புறநானூற்று உரையைத் தேடிக் கைப்பேசியில் படிக்கிறார் என்றால், அந்தப் பக்கத்தின் பின்னால் அவருடைய உழைப்பும் இருக்கிறது.

இனி எழுத்துச் சீரமைப்பு. தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள். அவற்றை எழுத 107 குறியீடுகள் வேண்டும் என்பது குழந்தைசாமி முன்வைத்த கணக்கு. பிரித்துப் பார்த்தால் அது தெளிவாகும். உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு என 4, ஆக 35. மீதி 72ம் இகர, ஈகார, உகர, ஊகார உயிர்மெய்கள். ஆகாரத்துக்கு ஒரு கால் போதும். க, ச, த எதன் பக்கத்தில் வைத்தாலும் அது மாறாது. உகரத்துக்கு அப்படி இல்லை. கு ஒரு வடிவம், சு ஒரு வடிவம், து இன்னொரு வடிவம். இந்த நான்கு வரிசைகளுக்கும் மெய்யெழுத்திலிருந்து தனித்து நிற்கும் நான்கு குறியீடுகளைக் கொடுத்துவிட்டால் 72 போய் 4 வரும். 107 என்பது 39 ஆகிவிடும். குழந்தையும் அயல்மொழிக்காரரும் தமிழைப் பாதிச் சுமையோடு கற்கலாம் என்பது அவர் வாதம்.

இது அவராகத் தொடங்கிய வழக்கும் அல்ல. பெரியார் 1935இலேயே குடியரசு இதழில் சில எழுத்துகளை மாற்றி அச்சிட்டார். எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் அவற்றை ஆணையாக்கியது. இன்று நாம் எழுதும் ணா, னா, றா, ணை, லை, ளை, னை முதலியவை அந்த ஆணைக்குப் பின் வந்த வடிவங்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் அவற்றை ஏற்றுக்கொண்டன. ரெங்கத்தில் தமிழ்ப்பள்ளிக்குப் போன தாத்தா எழுதிய ‘லை’க்கும் பேரப்பிள்ளை எழுதும் ‘லை’க்கும் உள்ள வேறுபாடு அப்படி வந்ததுதான். அந்தச் சீர்திருத்தத்தை இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளுக்கும் நீட்ட வேண்டும் என்பதே குழந்தைசாமியின் கோரிக்கை.

எதிர்ப்பு கடுமையாக வந்தது. தமிழகத்தைப் போலவே மலேசியாவிலும் தமிழறிஞர்களும் ஆசிரியர்களும் அதை மறுத்து எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள். 2010 ஜூன் மாதம் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டில் மாற்றம் அறிவிக்கப்பட்டுவிடுமோ என்ற அச்சம் பரவியிருந்தது. அறிவிப்பு வரவில்லை.

இரு தரப்பையும் எடைபோட்டால், அவருடைய கணக்கு தவறில்லை. ஆனால் கற்பவரின் சுமை அந்தக் கணக்கு காட்டும் அளவுக்கு இல்லை. கி, சி, தி, பி என்று மேலே ஒரு கொக்கி போடுவதை ஒரு குழந்தை ஒருமுறை கற்றால் டி, டீ தவிர மற்றவை தாமாக வந்துவிடும். 36 வடிவங்களை 36 முறை கற்பதில்லை. உகரத்திலும் பெரும்பாலானவை மூன்று நான்கு வகைக்குள் அடங்கும். அச்சுக்கோப்புக்கும் தட்டச்சுப் பொறிக்கும் இருந்த தொல்லையும் அவர் காலத்திலேயே தீர்ந்துபோனது. யூனிகோடில் ‘கு’ என்பது ககரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள்தான். திரையில் அவற்றை ஒரே வடிவமாகக் காட்டுவது மென்பொருளின் வேலை. அவர் கேட்ட பிரிப்பு எழுத்தின் உடலில் நடக்காமல் கணினியின் உள்ளே நடந்துவிட்டது. பழைய நூல்களைப் படிக்கும் கண்ணை அடுத்த தலைமுறை இழந்துவிடும் என்ற அச்சமும் வெறும் உணர்ச்சியன்று. இந்த மாற்றம் வராமல் போனதே நல்லது.

ஆனாலும் அவரைத் தமிழுக்கு எதிரானவர் என்று சிலர் பேசியது பெரும் அநியாயம். ஜு, ஷு, ஹு என்று கிரந்த எழுத்துகளில் உகரக் குறி தனியே நிற்பதை எல்லோரும் தடையின்றி வாசிக்கிறோம். தமிழெழுத்துக்கும் அது முடியாதா என்று கேட்டது அறிவார்ந்த கேள்வி. மலேசியாவில் வீட்டுமொழியாகத் தமிழ் குறைந்துவரும் குடும்பங்களில், முதலாம் ஆண்டுப் பிள்ளை உகர வரிசையில் திணறும்போது அந்தக் கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. எழுத்தை மாற்றுவதா, கற்பிக்கும் முறையை மாற்றுவதா என்பதில்தான் விடை வேறுபடும்.

பொறியாளரான அவர் இலக்கியத்திலும் ஊன்றி நின்றார். வாழும் வள்ளுவம் என்ற நூலுக்கு 1988இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. குறளை வழிபடும் நூலாக வைக்காமல் இன்றைய வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கும் கட்டுரைகள் அதில் உள்ளன. குலோத்துங்கன் என்ற பெயரில் வந்த கவிதைகளில் மனித இனத்தின் நெடும்பயணத்தைப் பாடும் மானுட யாத்திரை பெரிய முயற்சி. அவருடைய கவிதை சில இடங்களில் கருத்தின் எடையால் நடை தளரும். அறிவியலையும் வரலாற்றையும் யாப்புக்குள் கொண்டுவர அவர் காட்டிய துணிவு அதைவிடப் பெரிது. தமிழ் செம்மொழி என்பதை உலக மொழிகளோடு ஒப்பிட்டு நிறுவும் நூலும் எழுதினார். 2004இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது. 1992இல் பத்மஸ்ரீ, 2002இல் பத்மபூஷண் விருதுகளும் அவருக்கு வந்தன.

அவர் மறைந்த வாரம் தமிழகம் வேறு துயரங்களில் மூழ்கியிருந்தது. டிசம்பர் 5ஆம் தேதி ஜெயலலிதா மறைந்தார். 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. இரண்டுக்கும் நடுவே போன குழந்தைசாமிக்கு உரிய அளவில் இரங்கல் எழுதப்படவில்லை. மலேசியத் தமிழ் வாசகரில் பலருக்கு அந்தச் செய்தியே எட்டவில்லை.

அவரைப் புதிதாகப் படிக்க விரும்புகிறவர்கள் வாழும் வள்ளுவத்திலிருந்து தொடங்கலாம். பொறியியல் மாணவராக இருந்தால் 1971ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுப்பது மேல். கல்லூரிக் கணிதத்தில் வகைக்கெழுச் சமன்பாடு படித்தவர் அதைப் பின்தொடர முடியும். ஜொகூர் ஆறுகளின் மழை அளவையும் ஓட்ட அளவையும் வைத்து அந்தச் சமன்பாட்டை ஒருமுறை போட்டுப் பார்ப்பது ஒரு நல்ல இறுதியாண்டுத் திட்டமாகவும் அமையும்.